மேல்நோக்கி எய்யினும் கீழ்நோக்கி எய்யினும்

மதுரைக்குத் தென்மேற்கே, திருமங்கலம் செல்லும் வழியில் அமைந்த கப்பலூர் ஒரு சமவெளி ஊர். தொழிற்பேட்டையும் நாற்கரச் சாலையும் சுங்கச்சாவடியும் வந்தபின் அதன் முகம் மாறிவிட்டதெனினும் நிலத்தின் மட்டம் மாறவில்லை. வடகிழக்கே திருப்பரங்குன்றம் மேடாகத் தெரியும். சுற்றிலும் பெரும்பாலும் வயலும் கண்மாயும் கரிசலுமே. இத்தகைய நிலத்தில் வளர்ந்த பிள்ளைகள் தேசிய மாணவர் படையில் சேர்ந்து முதன்முதலாகத் துப்பாக்கி ஏந்துங்கால், தரையில் படுத்து, நேர் எதிரே நட்ட இலக்கைச் சுடவே பழகுகின்றனர். நாமும் கல்லூரி நாட்களில் அவ்வாறு பழகியவர்தாம். மேட்டை நோக்கியோ பள்ளத்தை நோக்கியோ சுடும் பயிற்சி நமக்கு வாய்த்ததில்லை. தமிழாசிரியருக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு என வாசகப் பெருமக்கள் வினவலாம். அதனை நம் முன் கொணர்ந்து நிறுத்தியது ஒரு சங்கப் பாடலே.

கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரியை வன்பரணர் பாடிய புறநானூற்று 152ஆம் பாடலை இளங்கலை வகுப்பில் நடத்திக்கொண்டிருந்தோம். ஓரி விடுத்த ஓர் அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, இறுதியில் புற்றிலிருந்த உடும்பில் சென்று தைத்ததாக அப்பாடல் கூறும். வில்லின் வலிமையை வியப்பதே வகுப்பறை மரபு. அன்று கப்பலூரிலிருந்து வந்து படித்த மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, யானை உயரம், உடும்பு தரையில் கிடப்பது. அப்படியானால் ஓரி மேட்டில் நின்று கீழ்நோக்கி எய்தானா?" என்றார். வகுப்பு சிரித்தது. நமக்குச் சிரிப்பு வரவில்லை. கொல்லி மலைநிலமாதலின் அவ்வாறு இருந்திருக்கவும் கூடும் என்பது நம் கருத்து. பாடலில் அதற்கு வெளிப்படையான சான்று இல்லை. ஆயினும் அவ்வினா நம்மை ஆசிரியர் ஓய்வறை வரை தொடர்ந்து வந்தது.

ஓய்வறையில் கருத்துகள் பலவாயின. மேல்நோக்கி எய்தால் புவி இழுத்துவிடும், ஆதலின் குறிக்குக் கீழே படும். கீழ்நோக்கி எய்தால் மேலே படும் என்பது பெரும்பான்மையோர் துணிபு. கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். இயற்பியல் துறை நண்பர் புன்முறுவலுடன், "இரண்டிலும் குறிக்கு மேலேதான் படும்" என்று கூறிச் சுண்ணக்கட்டியைக் கையில் எடுத்தார். அவர் விளக்கியதை நம் மொழியில் கூறுவோம்.

துப்பாக்கிக் குண்டு குழலை விட்ட கணமே விழத் தொடங்குகிறது. ஆதலால் குழல், பார்வைக் கோட்டிற்குச் சற்றே மேல்நோக்கியிருக்குமாறு குறிகாட்டி அமைக்கப்படுகிறது. சமநிலத்தில் 400 மீட்டருக்கு அமைத்த குறியில், குண்டு வீழும் அளவும் குழலின் ஏற்றமும் சரியாக ஈடுகட்டிக்கொள்ளும். சரிவில் நிகழ்வது வேறு. புவியின் ஈர்ப்பு எப்போதும் நேர் கீழாகவே இழுக்கும். குண்டு சாய்வாகச் செல்லுங்கால் அவ்வீர்ப்பின் ஒரு பகுதி குண்டின் பாதையோடு சேர்ந்து, ஏறும்போது அதன் வேகத்தைச் சிறிது குறைக்கும். இறங்கும்போது சிறிது கூட்டும். எஞ்சிய பகுதி மட்டுமே குண்டைப் பார்வைக் கோட்டிலிருந்து விலக்குகிறது. விலகல் குறைந்தது; குழலின் ஏற்றமோ முன்போலவே உள்ளது. எனவே குண்டு குறிக்கு மேலே செல்கிறது. ஏற்றமாயினும் இறக்கமாயினும் இது ஒன்றே. ஐயுறுவோர் கிணற்றை எண்ணிப் பார்க்கலாம். கிணற்றின் அடியை நோக்கி நேர் கீழாகச் சுடுபவனுக்கு, புவி குண்டைப் பார்வைக் கோட்டின் வழியே இழுக்குமேயன்றிப் பக்கவாட்டில் இழுக்காது. வானை நோக்கி நேர் மேலாகச் சுடுபவனுக்கும் அவ்வாறே. அங்கெல்லாம் குழலின் ஏற்றம் முழுவதும் பிழையாகவே முடியும்.

இதற்கு வீரர்கள் கைக்கொள்ளும் எளிய விதி ஒன்று உண்டு. சரிவின் நீளத்தைக் கருதாது, இலக்கு வரையிலான கிடைத்தொலைவைக் கருதியே குறியமைக்க வேண்டும் என்பது அது. சித்திரைத் தொடக்கத்தில் மதுரையில் நண்பகற் சூரியன் ஏறத்தாழ உச்சியில் நிற்கும். அப்போது சுவரில் சாத்திய ஏணியின் நிழல் தரையில் எவ்வளவு விழுகிறதோ, அதுவே கிடைத்தொலைவு. ஏணியின் நீளம் சரிவுத்தொலைவு. முப்பது பாகைச் சரிவில் 400 மீட்டர் என்பது கிடையாக 346 மீட்டர். நாற்பத்தைந்து பாகையில் 283 மீட்டர். 400 மீட்டரைக் கடக்க இராணுவத் துப்பாக்கியின் குண்டுக்கு அரை நொடிக்குச் சற்று மேல் ஆகும். அதற்குள் அது ஏறத்தாழ 1.6 மீட்டர் விழுகிறது. சரிவைக் கணக்கில் கொள்ளாது சுட்டால், முப்பது பாகையில் ஒரு சாண் மேலே படும். நாற்பத்தைந்து பாகையில் ஒரு முழம். பத்துப் பாகையில் வேறுபாடு விரலளவே. அதனைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. சாண் என்பது சிறிய அளவெனத் தோன்றலாம். பாறை இடுக்கில் தலையை மட்டும் நீட்டி நிற்பவனுக்கு அது உயிரளவு.

உயரத்தில் நிற்பவனுக்கே வெற்றி என்பது உலகறிந்த வழக்கு. உஹதுப் போரில், 625ஆம் ஆண்டில், குன்றின்மேல் ஐம்பது வில்லாளிகள் நிறுத்தப்பட்டமையை நம் மாணவர் அறிவர். மதுரைக்கு வடக்கே திண்டுக்கல் பாறையின்மீது அமைந்த கோட்டையும், 1755இல் அங்குப் பொறுப்பேற்ற ஹைதர் அலியின் வளர்ச்சியும் அந்த உயரத்தின் பயனைக் காட்டுவன. ஆயின் உயரம் தருவது பார்வையை, குறியை அன்று. அமெரிக்க விடுதலைப் போரில், 1780ஆம் ஆண்டு கிங்ஸ் மவுண்டன் என்னும் குன்றின்மேல் நின்ற ஆங்கிலேயர் சார்புப் படையினர் கீழ்நோக்கிச் சுட்ட குண்டுகள் பல, ஏறி வந்தவர்களின் தலைக்கு மேலே பறந்தன. குறுகிய தொலைவில் சரிவின் பங்கு சிறிதே. பதற்றத்தின் பங்கே பெரிது என்று நாம் எண்ணுகிறோம்.

1999ஆம் ஆண்டு கார்கில் போர் நடைபெற்றபோது நாம் கல்லூரி மாணவர். நாள்தோறும் மாலையில் அத்தா நாளிதழை உரக்கப் படிப்பார்கள். எதிரிகள் மலைமுகட்டில், நம் வீரர்கள் கீழிருந்து ஏறுகிறார்கள். திருச்சியைச் சேர்ந்த மேஜர் சரவணன் மே 29இல் பட்டாலிக் பகுதியில் அவ்வாறு ஏறிச் சென்றபோது வீழ்ந்தார். அவருடைய உடலை மீட்க ஒரு மாதத்திற்கும் மேலாயிற்று. அச்செய்தியைப் படித்த அன்று அத்தா நாளிதழை மடித்து வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்கள். அப்போரில் இந்திய வீரர் 527 பேர் உயிரிழந்ததாக அரசு அறிவித்தது. அந்த உயரங்களில் காற்று மெலிந்தது. தடை குறைவாதலின் குண்டு வேகம் இழப்பதும் குறைவு, வீழ்வதும் குறைவு. சமவெளியில் அமைத்த குறி அங்குச் சரிவாலும் தவறும், காற்றாலும் தவறும். இரண்டும் ஒரே பக்கமாக, மேல்நோக்கியே தவறும். சமவெளியில் பழகியவன் மலைக்குச் சென்றபின் புதிதாகப் பழக வேண்டியிருப்பது இதனாலேதான்.

ஓரியைப் பற்றி வினவிய மாணவர் பின்னர் இராணுவத்தில் சேர்ந்தார். இன்று வடக்கே மலைப்பகுதியில் பணியாற்றுகிறார். விடுமுறையில் வந்திருந்தபோது, சரிவில் குறியமைக்கும் விதியைத் தமக்குப் பயிற்சியிலேயே கற்பித்ததாகவும், அன்று நம் ஓய்வறையிலிருந்து சென்ற ஏணிக் கணக்கை அங்குச் சக வீரர்க்கு வரைந்து காட்டியதாகவும் கூறினார். இலக்கணத்தில் அவ்வளவு ஊக்கம் காட்டியதில்லை என்பதையும் இங்கே குறித்து வைக்கிறோம்.

அவர் திரும்பிச் சென்று சில வாரங்களுக்குப் பின், அவருடைய தாயார் கப்பலூரில் நம் வீட்டிற்கு வந்தார். தொலைக்காட்சியில் மலையைக் காட்டியதாகவும், உறவினர் ஏதோ சொல்லியதாகவும் தெரிந்தது. "ஐயா, மேல நிக்கிறவனுக்குத்தான் வசதின்னு சொல்றாக. எம்புள்ள கீழ நிக்கிறானா, மேல நிக்கிறானா?" என்றார். அதற்கு விடை நம்மிடம் இல்லை. வாயிற்படியருகே சாத்தியிருந்த ஏணியைக் காட்டி, நிழலையும் காட்டி, நண்பர் நமக்குச் சொன்னதை அவருக்குச் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப மேல நிக்கிறவனுக்கும் குறி தப்புமா?"

"கணக்குத் தெரியாதவனுக்குத் தப்பும், அம்மா."

"எம்புள்ளைக்குத் தெரியும்ல?"

"தெரியும்" என்றோம். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, திருமங்கலம் பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்டார்.