ஐந்நூறு ரூபாயில் ஒரு ஹார்பர்!

என்ன மக்கா, செமஸ்டர் முடிஞ்சாச்சா? கோவா பிளான் வழக்கம்போல பேச்சோடயே முடிஞ்சு போச்சா? கவலையை விடுங்க. விருதுநகர், சாத்தூர், சிவகாசின்னு வெயிலைக் குடிச்சே வளர்ந்த நமக்கு, நூறு கிலோமீட்டர் சொச்சத்துல ஒரு துறைமுக நகரமே இருக்கு. அதான் தூத்துக்குடி! பாக்கெட்டில் ஆளுக்கு ஐந்நூறு ரூபாய் இருந்தால் ஒரு நாள் முழுக்கச் சுத்தலாம்.

சென்னையிலிருந்து வரும் முத்துநகர் எக்ஸ்பிரஸ் விடியுமுன்னே விருதுநகரைத் தொட்டுவிடும். அன்ரிசர்வ்டு டிக்கெட் எடுத்து ஏறிக்குங்க. சிவகாசி பசங்க முந்தின நாள் ராத்திரியே விருதுநகர் ஃப்ரெண்டு வீட்டில் டேரா போட்டுடுங்க. வழியில் மணியாச்சி வரும்போது மட்டும் தூங்கிடாதீங்க. 1911 ஜூன் 17 அன்று கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டது இந்த ஸ்டேஷனில்தான்.

இறங்கியதும் ஒரு டீ. அப்புறம் நேரே திரேஸ்புரம். வரிசையா நாட்டுப்படகுகள், காயும் வலைகள், மீன் வாசம். முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்னு போச்சு. ஆனா சங்கு குளிக்கிறவங்க இன்னமும் இருக்காங்க. அங்கிருந்து பீச் ரோடு வந்தால் பனிமய மாதா பேராலயம். போர்ச்சுக்கீசியர் காலத்துல இருந்து வர்ற வரலாறு. ஆகஸ்ட் 5 திருவிழா சமயத்தில் போனால் ஊரே ஜெகஜ்ஜோதியா இருக்கும். இதுவரைக்கும் செலவு? டீக்காசுதான்!

பழைய துறைமுகத்துக்குள்ளே நினைச்சவுடனே போக முடியாது, அனுமதி வேணும். மாலத்தீவு, லட்சத்தீவுக்குச் சரக்கு ஏத்திட்டுப் போற தோணிகள் இங்கிருந்துதான் கிளம்புது.

டிக்கெட் சீப்பா கிடைச்சா நமக்குக் குஷிதானே? இந்த ஊரில் அதுக்கு ஒரு கதை இருக்கு, கேளுங்க. தூத்துக்குடி - கொழும்பு ரூட்டில் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிதான் தனிக்காட்டு ராஜா. 1906-ல் வ.உ.சிதம்பரனார் சுதேசி கப்பல் கம்பெனி தொடங்கி, காலியா, லாவோன்னு ரெண்டு கப்பலைக் கொண்டு வந்தார். வெள்ளைக்காரன் டிக்கெட் விலையைக் குறைச்சான். இவங்களும் குறைச்சாங்க. கடைசியில், 'காசே வேணாம், சும்மா ஏறுங்க, குடையும் இலவசம்'னு இறங்கிட்டான்! 1908-ல் வ.உ.சி. கைதாகி, கோவை சிறையில் செக்கிழுத்தார். 1911-ல் கம்பெனியே கலைஞ்சு போச்சு. காலியா, போட்டிக் கம்பெனிக்கே விற்கப்பட்டது. இன்னைக்குப் பெரிய துறைமுகத்துக்கு அவர் பேர்தான், 2011-ல் வெச்சது. ஆனா அந்த ஓசி டிக்கெட்டுக்கு யார் விலை கொடுத்தாங்கன்னு பாருங்க.

மதியம் வெயில் கொஞ்சம் இறங்கினதும் டவுன் பஸ் பிடிச்சு துறைமுகம் பக்கம் போங்க. ரோட்டோரம் உப்பளங்கள், வெள்ளைவெளேர்னு உப்புக் குவியல்கள். அந்த வெள்ளை, கண்ணைக் கூச வைக்கும். அதுக்கு நடுவில் நின்னு வேலை பார்க்கிறவங்களை நினைச்சுப் பாருங்க. அவங்களுக்கும் வெயில்தான் சோறு. மழை வந்தா வேலை இல்லை. நம்ம ஊர்ல தீப்பெட்டியும் பட்டாசும் காய வெயிலை நம்பி இருக்கிற மாதிரியேதான். நம்ம சமையலறையிலேயே மலிவான சாமான், உப்பு. அது எப்படி அவ்வளவு மலிவா வருதுன்னு அங்கே போனா புரியும்.

சாயங்காலம் முத்துநகர் பீச்சில் கால் நனைச்சுட்டு, பேக்கரியில் நூறு கிராம் மக்ரூன் வாங்குங்க. முந்திரி, சர்க்கரை, முட்டையோட வெள்ளைக்கரு மூணும் சேர்ந்து வாயில் வெச்சதும் கரையும். ராத்திரிக்குப் பரோட்டா. விருதுநகர் பொரிச்ச பரோட்டாவா, தூத்துக்குடி பரோட்டாவான்னு பஸ்ஸில் சண்டை போட்டுக்கிட்டே வீடு வந்து சேருங்க.

ஒரே ஒரு விஷயம். பட்ஜெட் டூர்ன்னா நடந்து, டவுன் பஸ்ஸில் தொத்தி, ஃப்ரெண்டோட பகிர்ந்து காசை மிச்சம் பிடிக்கிறது. திரேஸ்புரத்தில் சங்கு விற்கிற அக்காகிட்டயும், ஆட்டோ அண்ணாச்சிகிட்டயும் அடிமாட்டு விலை பேசுறது இல்லை. தீபாவளிக்கு நம்ம ஊர்ப் பட்டாசை யாராச்சும் பாதி விலைக்குக் கேட்டா நமக்கு எப்படிச் சுர்ருனு ஏறும்? அதே கோபம் அவங்களுக்கும் இருக்கும்ல!