அடுத்த வீட்டுத் தூக்கம்

சங்கீதம் கற்றுக்கொள்ளப் புறப்படுகிறவனுக்கு முதலில் வேண்டியவர் நல்ல குரு என்று பெரியவர்கள் சொல்வார்கள். என் அனுபவம் கொஞ்சம் வேறு. முதலில் வேண்டியவர் நல்ல அடுத்த வீட்டுக்காரர். குருவாவது வாரத்துக்கு இரண்டு நாள் நம் வாசிப்பைக் கேட்கிறார். அதற்குச் சம்பளமும் வாங்கிக்கொள்கிறார். அடுத்த வீட்டுக்காரரோ ஏழு நாளும் கேட்கிறார். அவருக்குத் தட்சிணை வைத்தவர் யாரையாவது நீங்கள் பார்த்ததுண்டா?

இரண்டு வருஷங்களுக்கு முன்னால் திருவொற்றியூரிலிருந்து என் தங்கை மகன் ராயபுரத்துக்கு என்னைத் தேடிக்கொண்டு வந்தான். வந்தவன் காப்பியைக்கூடத் தொடாமல், "மாமா, கிதாருக்கு ஆம்ப் ஒண்ணு வாங்கணும். நீங்க கூட வரணும்" என்றான்.

பையன் கிதார்ப் பைத்தியமான கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். 2018 ஜனவரியில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு கீழ்ப்பாக்கத்தில் மேடையேறியபோது, பள்ளிக்கூடச் சட்டையோடு போய்க் கூட்டத்தில் நின்றவன் அவன். எங்கள் வடசென்னைக் கானாவுக்கு டோலக்கும் புல்புல் தாராவும் பழைய துணைகள். அன்றைக்குப் பறையும் கிதாரும் கானாவோடு ஒரே மேடையில் நின்றன. வீடு திரும்பிய பையன் அன்றிரவே என் தங்கையிடம் கிதார் கேட்டான். பழைய எலெக்ட்ரிக் கிதார் ஒன்று கைக்கு வர மூன்று வருஷம் ஆயிற்று. வந்த பிறகுதான் தெரிந்தது, அந்தக் கிதாருக்குத் தனியே குரல் கிடையாது என்று. அதன் குரலில் பாதி ஆம்ப்ளிஃபயரில் இருக்கிறது.

அவர்கள் வீடு ஒரு சந்துக்குள் இருக்கிறது. இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரே சுவர். 1955-ல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை வந்த நாளிலிருந்தே அந்தப் பக்கத்து மனிதர்களின் கடிகாரம் ஷிஃப்ட்டுதான். காலை ஷிஃப்ட், மாலை ஷிஃப்ட், இரவு ஷிஃப்ட் என்று மாறி மாறி வரும். ஆகையால் அந்தச் சந்தில் இருபத்து நாலு மணி நேரமும் யாராவது ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார்! எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் இரவெல்லாம் உறுமுகின்றன; அதற்கு ஒருவரும் விழிப்பதில்லை. பையன் ஒரே தப்பை நாலு தரம் வாசித்தால் சுவருக்கு அந்தப் பக்கம் விழித்துக்கொள்கிறார்கள். லாரிச் சத்தத்துக்குக் காது பழகிவிடுகிறது. தப்பான ஸ்வரம், அடுத்த தரமாவது சரியாக வருமா என்று காத்திருக்க வைக்கிறது. காத்திருப்பவனுக்குத் தூக்கம் ஏது?

இந்தச் சுவர் எனக்குப் பழக்கமான சுவர். 1974-ல் நானும் ஒரு எலெக்ட்ரிக் கிதார் வைத்திருந்தேன். ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோன ஒரு ஆங்கிலோ-இந்தியக் குடும்பத்திடம் வாங்கியது. ஆம்ப்ளிஃபயர், எங்கள் தெரு ரேடியோ ரிப்பேர்க்காரர் கைவேலை. பழைய ரேடியோக்களில் வரும் ஈ.எல். 84 என்ற வால்வைப் போட்டுக் கட்டிக் கொடுத்தார். இங்கிலாந்தில் பீட்டில்ஸ் வாசித்த வாக்ஸ் ஏ.சி. 30 ஆம்ப்ளிஃபயரின் வயிற்றிலும் அதே வால்வு நாலு இருந்தது என்று பிற்பாடு தெரிந்துகொண்டபோது எனக்குக் கொஞ்சம் கர்வம் வந்தது.

வால்வு ஆம்ப்ளிஃபயருக்கு ஒரு குணம் உண்டு. சத்தத்தைக் கூட்டி வால்வைத் திணற விட்டால்தான் அந்த இனிய கரகரப்பு வரும். மெதுவாக வைத்தால் உப்பில்லாத கஞ்சி. நான் கூட்டித்தான் வைத்தேன். அடுத்த வீட்டில் துறைமுகத்து இரவு வேலைக்காரர் ஒருவர் இருந்தார். ஒரு நாள் நடுப்பகலில் எங்கள் வாசலில் வந்து நின்றார். கோபிக்கவில்லை. "தம்பி, ஒரு மணி நேரம் தூங்கிக்கிறேன், அப்புறம் வாசிங்க" என்றார். அவர் சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பேன், கிதாரும் பிழைத்திருக்கும். அந்தச் சிவந்த கண்களுக்கு என்னிடம் பதில் இல்லை. அன்று குறைத்த சத்தத்தை நான் மறுபடி கூட்டவே இல்லை. 1976-ல் ஆம்ப்ளிஃபயரை ஒரு கல்யாண பாண்டு கோஷ்டிக்கு விற்றேன். பேனாவுக்குச் சத்தம் கிடையாது. ஆகையால்தான் நாவலாசிரியன் ஆனேன் என்று சொன்னால் அது முழுப் பொய் ஆகாது.

"உனக்கு ஆம்ப்ளிஃபயர் வேண்டாமடா, மாடலர்தான் வேண்டும்" என்றேன். அவனும் அதைத்தான் மனத்தில் வைத்திருந்தான்.

மாடலர் என்பது ஒரு மிமிக்ரி யந்திரம். இன்ன வால்வு ஆம்ப்ளிஃபயர் இன்ன அளவுக்குத் திணறினால் ஓசை எப்படி மாறும் என்பதைக் கணக்காக்கி ஒரு சிறு சில்லுக்குள் வைத்திருக்கிறார்கள். 1996-ல் லைன் 6 என்ற அமெரிக்கக் கம்பெனி இந்தக் கணக்கை ஆம்ப்ளிஃபயருக்குள் வைத்து விற்றது. 1998-ல் சிறுநீரக வடிவமுள்ள 'பாட்' என்ற சிவப்புப் பெட்டிக்குள் அடக்கியது. இன்றைக்குச் சட்டைப் பைக்குள்ளேயே வந்துவிட்டது.

இதில் ஒரு வேடிக்கை கேளுங்கள். கிதார் ஆம்ப்ளிஃபயரில் உள்ள பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் ஏறக்குறைய ஐயாயிரம் அதிர்வுக்கு மேலே உள்ள கூர்மையான ஓசைகளைச் சரியாகக் கொடுப்பதில்லை. அது ஒரு குறைதான். ஆனால் கரகரப்பு நம் காதைக் கிழிக்காமல் இருப்பது அந்தக் குறையினால்தான். கரகரப்பை மட்டும் மைக் செட்டில் நேரே விட்டால் குளவி கத்துவதுபோல் இருக்கும். நல்ல மாடலர் ஸ்பீக்கரின் குறையையும் சேர்த்தே கணக்குப் போடுகிறது. குறைகளையும் அறிந்து நடிப்பவன்தானே நல்ல நடிகன்?

மெட்ரோ ரயில் ஏறி அண்ணா சாலைக்குப் போனோம். பையன் கையில் பத்தாயிரம் ரூபாய். கடையில் மூன்று ஜாதிப் பெட்டிகள் இருந்தன. முதல் வகை, கிதாரிலேயே செருகிக்கொள்வது. கட்டைவிரல் தண்டி, ஹெட்ஃபோனுக்கு அருமை, மேடைக்குப் போதாது. இரண்டாவது, ஸ்பீக்கர் உள்ள குட்டிப் பெட்டி. மூன்று வாட், ஏழு வாட் என்று இருக்கும். ஆறு பென்சில் செல்லில் பாடும். திண்ணைக் கச்சேரிக்கு நல்லது. டோலக்குக்குப் பக்கத்தில் வைத்தால் காணாமல் போய்விடும். மூன்றாவது, காலால் மிதிக்கும் பெட்டி. ஸ்பீக்கர் கிடையாது. வீட்டில் ஹெட்ஃபோன்; மேடையில் அதே பெட்டியிலிருந்து மைக் செட்டுக்கு ஒரு கம்பி.

பையன் நூற்றுக்கணக்கான ஓசைகள் உள்ள ஒரு பளபளப்பான பெட்டியை எடுத்துக்கொண்டான். நான் மெல்லச் சில கேள்விகள் கேட்டேன். கரெண்ட் இல்லாவிட்டால் ஓடுமா? திருகுகள் வெளியே இருக்கின்றனவா, எல்லாம் செல்போன் வழியாகத்தானா? அந்தக் கம்பெனி நாளைக்குச் செல்போன் ஆப்பைக் கவனிக்காமல் விட்டுவிட்டால் பெட்டி ஊமையாகாதா? ஹெட்ஃபோனுக்குக் கம்பி உண்டா? கம்பியில்லாத புளூடூத்தில் ஓசை பத்தில் ஒரு பங்கு வினாடி பிந்தினாலே போதும். முப்பத்து நாலு மீட்டர் தள்ளி நின்று தன் வாசிப்பைத் தானே கேட்பதற்குச் சமம். விரல் ஒரு பக்கம், தாளம் ஒரு பக்கம் போய்விடும்.

"நூறு ஓசை இருந்து என்ன பண்ண, மாமா? எனக்கு மூணு போதும்" என்று அவனே பெட்டியைக் கீழே வைத்துவிட்டான். கடைசியில் வாங்கியது நாலு பென்சில் செல்லில் ஓடுகிற, திருகுகள் வெளியே இருக்கிற ஒரு சிறு கால்பெட்டி. மிச்சப் பணத்தில் நல்ல கம்பியும் ஹெட்ஃபோனும். கடற்காற்று செருகுகிற துளைகளை அரித்துவிடும். துடைத்துத் துணியில் சுற்றி வை என்று சொல்லி அனுப்பினேன்.

சென்ற பொங்கலுக்கு அவர்கள் தெருவில் மேடை போட்டார்கள். பையன் கிதாரோடு ஏறினான். முதல் பாட்டு படுதோல்வி! கீழோசை இரைந்தது, மேலோசை குத்தியது, எதிரொலி எல்லாவற்றையும் கரைத்துவிட்டது. மைக் செட்காரர், "தம்பி, உன் பொட்டிக்குள்ள கிணறு இருக்குது போல. அத்த மூடு மொதல்ல!" என்று கத்தினார்.

பெட்டி மேல் தப்பில்லை. 1933-லேயே ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் ஆராய்ந்து வெளியிட்ட விஷயம் இது: சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காது கீழோசையை மிகவும் குறைத்துக் கேட்கிறது, மேலோசையும் கொஞ்சம் மங்குகிறது. நள்ளிரவில் ஹெட்ஃபோனில் கிசுகிசுவென்று கேட்டவன், அந்தக் குறையை ஈடு செய்ய இரண்டையும் தாராளமாகக் கூட்டி வைத்திருந்தான். மேடையில் அது பூதமாகிவிட்டது. இந்தப் பாடத்தைக் கடையில் அவனுக்குச் சொல்லாமல் விட்டது என் பிசகு. ஹெட்ஃபோனுக்குள் எல்லாரும் வித்வான்களே. அது கேட்பவர் இல்லாத சபை அல்லவா?

நான் மேடையருகே போவதற்குள் பையன் குனிந்து திருகினான். எதிரொலியை அடைத்தான், கரகரப்பைப் பாதியாக்கினான், கீழோசையைக் குறைத்து நடு ஓசையைக் கூட்டினான். செல்போனைத் தேடவேண்டிய அவசியம் இருக்கவில்லை. இரண்டாவது பாட்டில் டோலக்கும் குரலும் கிதாரும் தனித்தனியாகக் கேட்டன. மூன்றாவது பாட்டுக்குக் குழந்தைகள் ஆட ஆரம்பித்துவிட்டார்கள்.

கூட்டத்தில் என் பக்கத்தில் நின்றவர் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரர். பொங்கல் விடுமுறை. என் தங்கையைக் கூப்பிட்டு, "ஏம்மா, இவன் இத்தையெல்லாம் எப்போ கத்துக்கினான்? ஒரு நாள்கூட என் காதுல விழலையே!" என்றார். இரண்டு வருஷம், ஒரு செங்கல் தூரத்தில் தூங்கியவர்.

எனக்குத் துறைமுகத்து மனிதரின் நினைவு வந்துவிட்டது. அவர் என் வாசிப்பை ஒரு நாளும் கேட்டதில்லை. என் தொந்தரவை மட்டும்தான் கேட்டார். இரண்டும் வேறு என்று அவருக்குக் காட்ட எனக்கு வழியில்லாமல் போய்விட்டது.

அன்றிரவு பையன் கிதாரையும் பெட்டியையும் என் வீட்டில் வைத்துவிட்டு, "வாரத்துக்கு ஒரு நாள் ஹெட்ஃபோன் இல்லாம உங்க முன்னாடி வாசிக்கிறேன், மாமா. இன்னைக்கு நீங்க வாசிச்சுப் பாருங்க" என்று சொல்லிப் போனான். எல்லாரும் படுத்தபின் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டேன். ஏ.சி. 30 போல் நடிக்கும் ஓசையைத் தேடிப் பிடித்தேன். விரல்கள் மரத்துப் போயிருந்தன. வந்த ஸ்வரங்களில் பாதி தப்பு. ஆனாலும் 1974-ல் குறைத்த திருகை அன்றைக்குத்தான் முழுவதும் கூட்டினேன்.

இரண்டடி தள்ளி என் மனைவி படுத்திருந்தாள். புரண்டுகூடப் படுக்கவில்லை.