முற்றத்துக்கு வரி

நமது வீடு தகப்பனார் காலத்து வீடு. நடுவே வானம் தெரியும் சிறு முற்றம். முற்றத்தில் ஒரு துளசி மாடம், துணி உலர்த்த இரண்டு கொடிகள். மழை பெய்தால் முற்றத்தில் நிற்பவர் நனைவார். இந்த எளிய உண்மையை நகரசபைக்கு எடுத்துச் சொல்ல நமக்கு ஐந்து மாதம் பிடித்தது.

2022-ஆம் ஆண்டில் தமிழக அரசு சொத்து வரியைச் சீர்திருத்தியது நேயர்களுக்கு நினைவிருக்கும். சென்னையில் 1998-க்குப் பிறகும், மற்ற நகரங்களில் 2008-க்குப் பிறகும் பொதுச் சீராய்வு நிலைக்கவில்லை. 2018-இல் ஒரு முறை உயர்த்தி, அடுத்த ஆண்டே நிறுத்தி வைத்தார்கள். ஆகவே உயர்வு வந்தது தவறென்று நாம் சொல்லவில்லை. தெருவிளக்கும் குடிநீரும் ஆகாயத்திலிருந்து விழுவதில்லையே. நம்மைப் போன்ற ஊர்களில் குடியிருக்கும் வீடுகளுக்கு 600 சதுர அடி வரை 25 சதவிகிதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 என்று உயர்வை வகுத்திருந்தார்கள். நம் வீடு 1,140 சதுர அடி. வந்த அறிவிப்போ 75 சதவிகிதக் கணக்கில் இருந்தது.

அதைப் பார்த்ததும் நாம் செய்தது என்ன? பட்டதாரி, இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்குக் கணக்குப் போதிப்பவர். பேசாமல் பணத்தை எடுத்து வைத்தோம்! "சர்க்காரோடு மல்லுக்கட்ட முடியுமா?" என்று ஒரு தத்துவமும் உதிர்த்தோம். அன்று மாலையே அடுத்த வீட்டு அம்மாள், கணவரை இழந்து தையல் மிஷினை நம்பி வாழ்பவர், தம் அறிவிப்பைக் கொண்டுவந்து காட்டினார். "எல்லோருக்கும் ஏறியிருக்கிறது, அம்மா; கட்டிவிடுங்கள்" என்று அவருக்கும் அதே தத்துவத்தை வழங்கினோம். அந்தக் காகிதத்தை முழுக்கக்கூடப் படிக்கவில்லை.

நம் இல்லத்தரசிதான் கேட்டாள்: "பையன் கூட்டலில் ஒரு தப்புச் செய்தால் மார்க்கைக் குறைக்கிறீர்களே, இந்தக் கூட்டலை யார் திருத்துவது?"

நகரசபை அலுவலகத்துக்குப் போனோம். குமாஸ்தா பொல்லாதவர் அல்லர், வேலை மிகுந்தவர். கணக்கிட்ட தாளைக் காட்ட வேண்டுமென்றால் 'பிறகு வாருங்கள்' என்றார். மூன்று 'பிறகு'களுக்குப் பின் 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, அந்தத் தாளின் நகலைக் கேட்டு எழுதினோம். முப்பது நாள் கெடு முடிவதற்குள் நகல் வந்துவிட்டது. 12 அடிக்கு 10 அடி முற்றம், கூரையுள்ள அறையாகக் கணக்கில் ஏறியிருந்தது. 120-ஐக் கூட்டினால் 1,260. ஒரு துளசி மாடம் நம்மை மேல் வகுப்புக்குத் தூக்கிவிட்டது!

நம் மனு எழுதும் முறை அதன்பின் மாறியது. 'வரி அதிகம், ஏழை ஆசிரியன், தயை கூர வேண்டும்' என்று முதலில் எழுதியிருந்த மனுவைக் கிழித்தோம். அழுகைக்கு அங்கே பத்தி கிடையாது. வரி பிறப்பது பரப்பளவு, தெருவின் மண்டலம், கூரையின் வகை, கட்டடத்தின் வயது, குடியிருப்பா வியாபாரமா, உரிமையாளர் இருக்கிறாரா வாடகைக்காரரா என்ற சில விவரங்களிலிருந்து. அவற்றில் எது தவறு என்பதை மட்டும் எழுதி, அங்கீகாரம் பெற்ற வரைபடத்தின் நகல், முற்றத்தின் புகைப்படம், மின்கட்டண ரசீது ஆகியவற்றைச் சேர்த்தோம். அறிவிப்பிலேயே ஆட்சேபத்துக்குக் கெடு இருக்கும். அது கைக்கு வந்த தேதியை அதன் மேலேயே குறித்து வைப்பது நலம். மனுவின் பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்காமல் படியிறங்கக் கூடாது. முதலில் அதிகாரியே மறுபரிசீலனை செய்வார். அவர் முடிவு ஒவ்வாவிட்டால் நகரசபை உறுப்பினர்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட வரிவிதிப்பு மேல்முறையீட்டுக் குழு உண்டு. அதற்கும் அப்பால் நியாய ஸ்தலம். இடையில் வரியை நிறுத்திவிடாமல், ஆட்சேபத்தோடு கட்டுவதாக எழுதிக் கட்டினோம். பாக்கிதாரன் என்ற பெயரோடு நியாயம் பேச நமக்குத் துணிவில்லை.

1810-இல் கும்பினியார் காசியில் வீட்டு வரி விதித்தபோது, ஜனங்கள் வீடுகளையும் கடைகளையும் அடைத்துவிட்டு வெளியே திடலில் கூடி உட்கார்ந்தார்களாம். கடைசியில் அந்த வரி கைவிடப்பட்டது. நமக்கு ஓர் அளவு நாடாவே போதுமானதாயிருந்தது. ஆய்வுக்கு வந்தவர் ஒரு நுனியைப் பிடிக்க, நாம் மறு நுனியைப் பிடித்தோம். அளந்துகொண்டிருக்கும்போதே தூறல் விழுந்தது. அவர் அண்ணாந்து பார்த்தார், சிரித்துவிட்டார். இரண்டு வாரத்தில் 1,140 என்று திருத்திய உத்தரவு வந்தது. கூடுதலாகக் கட்டியதை அடுத்த அரையாண்டுகளில் கழித்துக்கொண்டார்கள். தெருவெல்லாம் நம் வெற்றியைச் சொல்லித் திரிந்தோம்.

இந்தக் கோடையில்தான் அடுத்த வீட்டு அம்மாள் ஏதோ சான்றுக்காக வரி ரசீதைக் காட்ட வந்தார். 'வணிகம்' என்று அதில் போட்டிருந்தது. திண்ணையோரம் ஒரு தையல் மிஷின் இருந்ததால் வீடு முழுவதையும் கடையாக்கியிருந்தார்கள்! நூறு சதவிகித உயர்வு. 2022 முதல் ஒவ்வோர் அரையாண்டும், ரவிக்கை தைத்த காசில், நம் வார்த்தையை நம்பி ஒழுங்காகக் கட்டி வந்திருக்கிறார். ஆட்சேபக் கெடு எப்போதோ போய்விட்டது.

"நீங்கள் படித்தவர், பார்த்துத்தானே சொல்லியிருப்பீர்கள் என்று இருந்துவிட்டேன், சார்" என்றார். குற்றம் சொல்லும் குரலில் அல்ல. அதனால்தான் தாங்க முடியவில்லை.

பதிவேட்டில் உள்ள வகைப்பாட்டைத் திருத்தும்படி அவர் பெயரில் மனு எழுதிக் கொடுத்திருக்கிறோம். வருங்காலத்துக்குத் திருத்தலாம், கட்டியது கட்டியதுதான் என்று அலுவலகத்தில் வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார்கள். எழுத்தில் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். வருகிற திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். அந்த அம்மாளோடு போக, பள்ளிக்கு அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தாயிற்று.