திருக்கடையூரில் ஒரு கல்யாணம்

மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடி போகும் சாலையில் சுமார் 22 கி.மீ. போனால் திருக்கடையூர். அமிர்தகடேசுவரர் கோயிலுக்குள் எந்த நாள் காலையில் நுழைந்தாலும் நாலைந்து கல்யாணமாவது நடந்துகொண்டிருக்கும். மாப்பிள்ளைகளுக்கெல்லாம் நரைத்த தலை! 60 முடிந்தால் சஷ்டியப்தபூர்த்தி, 70-க்கு பீமரத சாந்தி, 80-க்கு சதாபிஷேகம். மார்க்கண்டேயனுக்காக எமனையே உதைத்த ஈசன் இருக்கும் இடமாயிற்றே! அபிராமி அம்மனிடம் மாங்கல்ய பலம் வேண்டிக்கொண்டு ஊர் ஊராக வருகிறார்கள்.

நாங்கள் போனது பெரியப்பாவின் சதாபிஷேகத்துக்கு. பெரியம்மாவுக்கு 3 வருஷத்துக்கு முன் பக்கவாதம் வந்து, வலது கை விளங்காமல் போய்விட்டது. "இந்த நிலைமையில் அவ்வளவு தூரம் எதுக்குப்பா? வீட்டிலேயே ஒரு ஹோமம் பண்ணிடலாமே" என்றார்கள் பிள்ளைகள். பெரியப்பா கேட்கவில்லை. "எண்பது வயசிலே மாப்பிள்ளை ஆசையைப் பாரேன்!" என்று பெண்கள் நாங்கள் அடுப்படியில் சிரித்தோம். ஆமாம், நானும்தான்.

விடியற்காலையில் விடுதி அறையை எட்டிப் பார்த்தேன். கட்டிலில் பெரியம்மா. பின்னால் நின்று தலை பின்னிக்கொண்டிருந்தார் பெரியப்பா.

"நான் பின்னி விடட்டுமா, பெரியப்பா?"

"வேணாம்மா. அவளுக்கு எந்த இடத்திலே வலிக்கும்னு உனக்குத் தெரியாது."

பெரியவர்களை அழைத்துப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஹோமம் முடிய நேரமாகும். சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களை வெறும் வயிற்றோடு உட்கார வைக்காதீர்கள். மாத்திரையைக் கைப்பையிலேயே வையுங்கள். கலச நீரை உறவினர் எல்லாரும் சல்லடை வழியாக ஊற்றும்போது தரை வழுக்கும். உலர்ந்த துண்டும், பிடித்துக்கொள்ள ஓர் ஆளும் பக்கத்திலேயே இருக்கட்டும்.

மாலை மாற்றும் நேரம். பெரியம்மா இடது கையால் மாலையைத் தூக்கினார்.

"ஐயோ, இடது கையாலயா? யாராவது வலது கையைப் பிடிச்சுக்குங்களேன்" என்றது ஒரு குரல்.

"மூணு வருஷமா எனக்குக் காபி கலந்து குடுக்கிறது இந்தக் கைதான். இதாலயே போடட்டும்" என்று பெரியப்பா தலையைக் குனிந்தார்.

மாலை அவர் காதில் மாட்டிக்கொண்டது. சரி செய்யப் போன மருமகளைக் கண்ணாலேயே நிறுத்திவிட்டு, பெரியம்மா தானே மெல்ல இழுத்துவிட்டார்.