பித்தளைக் கழுத்து

பித்தளை தேய்ப்பதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கார்த்திகைக்கு முதல் நாள் புளியும் சாம்பலும் தேங்காய் நாருமாகப் பெண்கள் குந்தியிருக்கும் கிணற்றடியில் வளர்ந்தவள் நான். அதே உலோகத்தைத் தோட்டாக் கூடாகக் கையில் வாங்கியது பிட்ஸ்பர்க்கில், தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோதுதான்.

பக்கத்து வீட்டு அம்மாவுக்கு எழுபது கடந்திருக்கும். கணவர் இல்லை. நவம்பர் கடைசி வாக்கில் மான் வேட்டை தொடங்குமுன், போன வருஷம் சுட்டுத் தீர்த்த ‘தர்ட்டி ஆட் சிக்ஸ்’ ரகக் கூடுகளை மறுபடி நிரப்பத் தயார் செய்வார். தங்கை மகள், பதினைந்து வயது, தானும் கற்றுக்கொள்வேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். பள்ளிக்குள் எவனாவது துப்பாக்கியோடு நுழைந்தால் எங்கே ஒளிவது என்று ஒத்திகை பார்க்கும் பிள்ளை அவள். “அக்கா, நீயே சொல்லு அவகிட்ட” என்று தங்கை என்மேல் போட்டுவிட்டாள். எதை வேண்டாம் என்கிறோம் என்று பார்த்துவிட்டுச் சொல்லலாமென்று நானும் கூடப் போனேன்.

கார் நிறுத்துமிடத்தில் ஒரு மேசை. மருந்து இல்லை, குண்டு இல்லை, வெறும் கூடுகள். முதலில் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் உருட்டிப் பார்க்க வேண்டும். கழுத்தில் கீறல் இருந்தால் கழித்துவிட வேண்டும். நுனி வளைத்த மெல்லிய கம்பியை உள்ளே விட்டு அடிப்பக்கச் சுவரைத் தடவ வேண்டும். பள்ளம் தட்டுப்பட்டால் அங்கே உலோகம் மெலிந்திருக்கிறது என்று பொருள். அடுத்த முறை சுடும்போது அடி தனியே பிரிந்து, கொதிக்கும் வாயு சுடுகிறவர் முகத்துப் பக்கம் பீறிடலாம். பிறகு எண்ணெய் தடவி அச்சுக்குள் அழுத்துவது. அந்த ஒரே அழுத்தில், வெடித்துத் தீர்ந்த பிரைமர் கீழே விழும். எண்ணெய் குறைந்தால் கூடு அச்சில் சிக்கிக்கொள்ளும், பழக்காத கல்லில் தோசை மாதிரி. நீளம் 2.494 அங்குலத்தைத் தாண்டினால் 2.484க்கு நறுக்க வேண்டும். பிசிறு எடுக்க வேண்டும். கழுவுவதற்கு வெந்நீரில் சிட்ரிக் அமிலம். நம் புளித்தண்ணீரின் பங்காளிதான்.

எனக்குப் பிடித்துப்போனது கழுத்தை இளக்கும் வேலை. நெளிந்து நெளிந்து இறுகிப்போன பித்தளை உள்ளுக்குள் முறுக்கேறிக் கிடக்கும். கழுத்தை மட்டும் தீயில் காட்டித் தளர்த்துவார்கள். அடியைத் தீ அண்டக் கூடாது. இந்த முறுக்கு பற்றிய பழைய கதை நம் நாட்டிலேயே நடந்தது. பிரிட்டிஷ் ராணுவம் குதிரை லாயங்களுக்கருகே அடுக்கிவைத்த தோட்டாக்கள் மழைக்காலத்தில், யாரும் தொடாமலே, தானாக வெடிப்பு விட்டன. குதிரை மூத்திரத்தின் அம்மோனியாவும் உலோகத்துக்குள் ஏற்கெனவே இருந்த இறுக்கமும் சேர்ந்து செய்த வேலை அது என்பது 1921இல்தான் விளங்கியது.

“முப்பது வருஷம் கூடு தயார் செய்தது நான்” என்றார் அந்த அம்மா, கைவேலையை நிறுத்தாமல். “மான் மட்டும் அவர் அடித்தது.” இப்போது சுடுவதும் அவரே.

அந்த நகரத்தில் இந்த வேலை பெண்களுக்குப் புதிதில்லை. அலெகெனி படைக்கலச் சாலையில் 1862 செப்டம்பர் 17 அன்று வெடி விபத்து. இறந்தவர்கள் 78 பேர். பெரும்பாலோர் காகிதத் தோட்டா சுற்றிய இளம்பெண்கள், சிறுமிகள். சின்ன விரல் வேகமாக ஓடும் என்று சேர்த்திருந்தார்கள். (சின்ன விரல் பெருமையைச் சிவகாசிப் பக்கமும் கேட்டிருக்கிறேன்.) அடையாளம் தெரியாத பலரை ஒரே குழியில் புதைத்தார்கள். அதே நாள்தான் ஆன்டீட்டம் போர். நாடு அந்தப் பிணங்களை எண்ணிக்கொண்டிருந்தது.

தங்கைக்கு அன்றிரவு நான் சொன்னது அவள் கேட்க விரும்பியதல்ல. துப்பாக்கியைத் தொட வேண்டாம் என்பதில் நான் அவள் பக்கம். ஆனால் அந்த மேசையிலிருந்து பிள்ளையை எழுப்ப என்னால் முடியாது என்றேன். இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

மூன்றாம் நாள், அந்த அம்மா பார்த்து ஒதுக்கிய நல்ல கூடுகளிலிருந்து ஒன்றை எடுத்து, “பெரியம்மா, இதைத் தடவிப் பாருங்க” என்றாள். கம்பியை விட்டேன். லேசாகத் தட்டியது. அந்த அம்மா வாங்கித் தானும் தடவினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி தடவினார். பிறகு குறடை எடுத்து, வேறு யாரும் நிரப்பிவிடாதபடி அதன் வாயை நசுக்கி, பழைய பித்தளை டப்பாவில் போட்டார். ஒதுக்கிவைத்த மற்றவற்றையும் அவள் பக்கம் நகர்த்தினார்.