கோட்டுப் பூவும் கொஞ்சம் நெட்டியும்

நம்ம ஊர் ரிசப்ஷன்களில் மாப்பிள்ளைக்குக் கோட்டு சூட்டு வந்து பல காலம் ஆச்சு. கோட்டு வந்தது, டை வந்தது, சில இடங்களில் ஷூவுக்கு மேட்சாக சாக்ஸும் வந்தது. ஆனால் கோட்டின் இடது மடிப்பில் ஒரு பொத்தான் ஓட்டை இருக்கிறதே, எதிர்ப்பக்கம் பொத்தானே இல்லாமல், அது எதுக்கு என்று யாராவது கேட்டிருக்கிறோமா? ஒரு காலத்தில் குளிருக்குக் காலரை மூடிப் பூட்ட வைத்த ஓட்டை. பிறகு அதில் பூ செருக ஆரம்பித்தார்கள். நல்ல தையல்காரர் தைத்த கோட்டாக இருந்தால் மடிப்புக்குப் பின்னால் சின்னதாக ஒரு நூல் வளையம்கூட இருக்கும், காம்பு ஆடாமல் நிற்க. ரெடிமேட் கோட்டுகள் பலவற்றில் ஓட்டை மாதிரி தையல் மட்டும்தான் இருக்கும், வெட்டியிருக்க மாட்டார்கள். போய்ப் பாருங்கள்.

இந்தப் பூவுக்கு பிரெஞ்சில் 'பூட்டோனியேர்' என்று பெயர். பொத்தான் ஓட்டை என்றுதான் அர்த்தம். இங்கிலாந்துக்காரர்கள் இன்னும் சோம்பேறிகள், பூவையே 'பட்டன்ஹோல்' என்று கூப்பிடுகிறார்கள். எனக்கு பிரெஞ்சு வார்த்தைதான் பிடித்திருக்கிறது. முதல் எழுத்திலேயே பூ இருக்கிறதே :-)

பி.காம். படித்துவிட்டு வங்கியில் கடன் ஃபைல் பார்க்கிறவனுக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு என்று தங்கமணியும் கேட்டாள். காரணம் அக்கா பெண்ணின் கல்யாணம். 2024 தை மாதம். மாப்பிள்ளை அவளோடு வேலை பார்க்கும் வங்காளிப் பையன். தேதி பார்க்கும்போது ஒரு சந்தோஷம்: நமக்கு மார்கழியில் கல்யாணம் கிடையாது, அவர்களுக்குப் பௌஷ மாதத்தில் கிடையாது. இரண்டும் ஒரே மாதம்! தை பிறந்தால் அவர்களுக்கு மாக மாதம், வழியும் பிறந்துவிடும். முகூர்த்தம் கும்பகோணத்தில், ரிசப்ஷன் கொல்கத்தாவில். பெண் வீட்டு சார்பில் இந்த ஊரில் இருக்கும் ஒரே ஆள் தாய்மாமனான நான். ஆகவே பூ டிபார்ட்மெண்ட் என் தலையில்.

மேடை அலங்காரம் செய்கிறவர் ஒரு பட்டியல் கொடுத்தார். கோட்டுப் பூ நாலு பேருக்கு: மாப்பிள்ளை, மாப்பிள்ளைத் தோழன், மாப்பிள்ளையின் அப்பா, பெண்ணின் அப்பா.

நாலாவது ஆள் எங்களுக்கு இல்லை. அத்தான் போய் ஆறு வருஷம் ஆகிறது. "அந்த இடத்துல தாய்மாமன் நீங்க குத்திக்கலாமே" என்றார் அலங்காரக்காரர், நல்ல மனசோடுதான். அக்கா பெண் ஒத்துக்கொள்ளவில்லை. "மாமாவுக்குத் தனியா ஒண்ணு வாங்கிக்கலாம். அப்பாவோடது அம்மாவுக்கு" என்றாள்.

ஊருக்கு ஃபோன் போட்டேன். "எனக்கு எதுக்குடா பூ?" என்றாள் அக்கா. அவ்வளவுதான். அடுத்து சமையல்காரர் அட்வான்ஸ் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாள். இதற்கு மேல் விளக்கம் நம்ம வீட்டு மனிதர்களுக்குத் தேவையில்லை. அத்தான் போன பதினாறாம் நாளோடு அவள் தலையில் பூ நின்றது. யாரும் சட்டம் போடவில்லை, அவளாக நிறுத்திக்கொண்டாள் என்று சொல்லிக்கொள்கிறோம். ஆனால் எந்த விசேஷத்திலும் பூத்தட்டு அவளைத் தாண்டித்தானே போகிறது?

நான் இருப்பதோ வித்யாசாகர் வாழ்ந்த ஊர். விதவை மறுமணச் சட்டம் 1856-இல் வரக் காரணமானவர், இங்கே சமஸ்கிருதக் கல்லூரிக்கு முதல்வராக இருந்தவர். சட்டம் வந்து நூற்று அறுபத்தெட்டு வருஷம் கழித்து ஒரு பூவுக்கு நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் மல்லிக் காட் போனேன். ஹௌரா பாலத்தின் கொல்கத்தா பக்கத்துக் காலடியில், ஹூக்ளிக் கரையிலேயே இருக்கிற பூச்சந்தை. கோலாகாட், பான்ஸ்குரா, ராணாகாட் பக்கமிருந்து பூ மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். கயிறு கயிறாகச் சாமந்தி மாலையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆட்கள் ஓடுவார்கள். நடுவில் நின்றால் நம்மையும் தள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். அங்கே சுற்றியதிலும், லேக் மார்க்கெட்டில் நம்மவர்களுக்கு மல்லிகைச் சரம் விற்கிற அம்மாவிடம் கேட்டதிலும் தேறியவை இவை. கல்யாணம் வைத்திருக்கிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

1. ரோஜா மொட்டு. பாதி விரிந்தது போதும், முழுதாக விரிந்தது மேடை ஏறுவதற்குள் உதிரும். இதற்குக் கோட்டு மடிப்புகூடத் தேவையில்லை. நேரு ரோஜா குத்தியது மடிப்பே இல்லாத அச்கன் பொத்தான் ஓட்டையில்தானே!

2. ரஜனிகந்தா. நம்ம நிலச்சம்பங்கி. வங்காளிக் கல்யாணம் என்றாலே இந்த வாசனைதான். இரண்டு மொட்டும் ஒரு விரிந்த பூவும் சேர்த்துக் கட்டினால் அழகு. சாயங்காலம்தான் வாசனை தூக்கும், ரிசப்ஷனுக்குப் பொருத்தம்.

3. மரிக்கொழுந்தும் ஒரு சின்ன ரோஜாவும். விலை குறைவு, வாசனை அதிகம். இது கொல்கத்தாவில் கிடைப்பது கஷ்டம், ஊரிலிருந்து வருகிறவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

4. நெற்கதிரும் அருகம்புல்லும். வங்காளிகள் நெல்லையும் 'துர்பா'வையும் தலையில் வைத்து ஆசீர்வாதம் செய்வார்கள். துர்பா என்றால் நம்ம அருகம்புல். ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரூன்றி என்று நாம் வாயால் சொல்வதை அவர்கள் கையால் செய்கிறார்கள். காய்ந்த கதிர் ஒன்று, புல் நாலு, பட்டு நூலால் ஒரு கட்டு. இரு வீட்டுக்கும் புரிகிற பூ இது.

5. வெட்டிவேர், ஏலக்காய். மாலையாகக் கட்டுகிறோமே, அதையே விரல் நீளத்துக்குக் கட்டினால் வாடாத கோட்டுப் பூ.

மல்லிகை வேண்டாம். ஏசி இல்லாத மண்டபத்தில் இரண்டு மணி நேரத்தில் பழுப்பாகிவிடும்.

நிஜப் பூ என்றால் காம்பை இரண்டு அங்குலத்துக்கு நறுக்கி, பூவின் அடியில் மெல்லிய கம்பி கொடுத்து, பூக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் பச்சை டேப்பால் சுற்ற வேண்டும். குத்துகிற வரைக்கும் ஃபிரிட்ஜில் இருக்கட்டும். ஊசியை மடிப்பின் பின்பக்கமிருந்து குத்தினால் வெளியே தெரியாது. பட்டு வேட்டி சட்டைக்காரர்களுக்கு அங்கவஸ்திரத்தில் இடது தோளில் குத்தலாம், ஆனால் பின்னால் சின்னத் துணித்துண்டு வைத்துக் குத்துங்கள், பட்டு கிழியாது. காந்தம் வைத்த பின்களும் வருகின்றன. பேஸ்மேக்கர் வைத்திருக்கும் பெரியவர்களுக்கு அது கூடவே கூடாது.

இத்தனை பூவிலும் அக்காவுக்கு ஆகிற பூ எது? அதுதான் தெரியவில்லை.

பதில் குமர்துலியில் கிடைத்தது. துர்கை பொம்மை செய்கிற தெரு. அங்கே வெள்ளை வெளேரென்று நகை, கிரீடம், பூ எல்லாம் தொங்கும். 'ஷோலா' என்கிற தண்டின் உள்வெள்ளையைக் காகிதம் மாதிரி சீவிச் செய்வது. வங்காளி மாப்பிள்ளை தலையில் கூம்பாக வைத்துக்கொள்ளும் டோபோரும் இதுதான். மாலாகர் என்கிற கைவினைக்காரர்கள் பரம்பரையாகச் செய்கிறார்கள். வெள்ளைக்காரத் துரைகள் வெயிலுக்குப் போட்டுக்கொண்ட சோலா தொப்பியும் இதே தண்டுதான். துரைகள் போய்விட்டார்கள், மாப்பிள்ளை தொப்பி இருக்கிறது.

ஒரு கடையில் தண்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். எடையே இல்லை. மேலே பழுப்புத் தோல், உள்ளே பஞ்சு வெள்ளை. எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கே என்று ஃபோட்டோ எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். ஒரு நிமிஷத்தில் பதில் வந்தது. "இது நெட்டிடா!"

நெட்டியேதான். எங்கள் பக்கம் குளத்திலும் வயல் பள்ளத்திலும் வளர்கிற அதே செடி. நரசிங்கம்பேட்டையில் மாட்டுப் பொங்கலுக்கு நெட்டி மாலை கட்டுவார்கள், கலர் கலராக. தஞ்சாவூரில் இதில்தான் பெரிய கோயில் மாதிரியெல்லாம் செதுக்குவார்கள். தஞ்சாவூர் நெட்டி வேலைப்பாட்டுக்கு 2020-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இத்தனை வருஷம் பூஜையில் பார்த்த ஷோலாவுக்கும், சின்ன வயசில் எங்கள் வீட்டுக் கன்றுக்குட்டி கழுத்தில் போட்ட நெட்டிக்கும் ஒரே வேர்.

அக்காவுக்கு ஃபோன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "மாட்டுக்குப் போடுறதை எனக்குக் குத்துறியாடா?" என்று சிரித்தாள். சிரித்த பிறகு வேண்டாம் என்று சொல்லவில்லை. "இது பூ கணக்குல சேராதுல்ல?" என்று மட்டும் கேட்டாள். எந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்வது என்பதை அவளிடமே விட்டுவிட்டேன்.

சட்டையில் குத்துகிற பூ சின்ன விஷயம் இல்லை. இலங்கையில் ஒரு கதை உண்டு. முதல் உலகப் போரில் இறந்தவர்களுக்காக ஒவ்வொரு நவம்பர் 11-ஆம் தேதியும் சிவப்பு பாப்பிப் பூ விற்பார்கள், பணம் பெரும்பாலும் பிரிட்டனுக்குப் போகும். 1931-இல் தொடங்கி, 1933-க்குப் பிறகு வேகம் பிடித்தது ஓர் எதிர் இயக்கம். அதே நாளில் அவர்கள் விற்றது சூரிய மல். சூரிய மல் என்றால் வேறொன்றுமில்லை, இலையைச் சுருட்டி நாம் பீப்பீ ஊதினோமே, அந்தப் பூவரசம்பூ! 1934-35 மலேரியாக் கொள்ளைநோயில் அந்த இயக்கத்துக்காரர்கள்தான் ஊர் ஊராகப் போய் மருந்தும் உணவும் கொடுத்தார்கள். எந்தப் பூ குத்தியிருக்கிறாய் என்று பார்த்தால் நீ யார் பக்கம் என்று தெரிந்துவிடும். கல்யாணத்திலும் அதேதான். பூ குத்தியவர்கள்தான் 'இந்த வீட்டுக்காரர்கள்'. யாருக்குக் குத்தவில்லை என்பதும் எல்லாருக்கும் தெரியும்.

அதனால் நாலு பூ திட்டத்தை ரத்து செய்தேன். இரண்டு வீட்டிலும் ஆண், பெண், சுமங்கலி, விதவை, கல்யாணம் ஆகாத பெரியம்மா என்று பார்க்காமல் எல்லாருக்கும் ஒன்று. மொத்தம் 26. ஷோலாவில் சின்னச் சம்பங்கி, அடியில் ஒரு நெற்கதிர். நாலு நிஜப் பூ அலங்காரத்துக்குப் போட்டிருந்த தொகையைவிடக் கொஞ்சம்தான் கூட வந்தது. பட்ஜெட் எழுதுகிறவனுக்கு அதுவும் முக்கியம்தானே.

ரிசப்ஷன் அன்று சம்பந்தியம்மா, வங்காளத்தில் 'பெயான்', தட்டோடு வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் குத்தினார். அக்கா வந்தபோது சாம்பல் நிறப் பட்டுப் புடவையின் தோளில் குத்தினார், ஊசியைப் பின்னால் மறைத்து, தலைப்பைச் சரி செய்துவிட்டு. அவருக்குத் தமிழ் தெரியாது, அக்காவுக்கு வங்காளம் தெரியாது. "பாஹ்!" என்றார். அக்கா ஒரு தடவை குனிந்து பூவைப் பார்த்தாள். பிறகு நேராக மேடைக்குப் போய் பெண் பக்கத்தில் நின்றாள். ஃபோட்டோவில் ஓரத்துக்கு நகர்கிற பழக்கம் உள்ளவள், அன்று நகரவில்லை.

இது ஒரு புரட்சி என்றெல்லாம் நான் சொல்லவில்லை. ஊருக்குத் திரும்பியதும் அவள் மல்லிகை வைத்துக்கொள்ளவும் இல்லை. அது அவள் இஷ்டம். ஆனால் பூத்தட்டு அன்று அவளைத் தாண்டிப் போகவில்லை.

உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு எந்தப் பூ வேண்டுமானாலும் வையுங்கள். கடைக்குப் போகும் முன் பட்டியலை ஒரு தடவை எடுத்துப் படியுங்கள். விட்டுப்போன பெயர் யாருடையது என்று பாருங்கள். அங்கிருந்து ஆரம்பியுங்கள்.

பி.கு.: ஷோலாப் பூவில் தண்ணீர் படக்கூடாது, அமுங்கவும் கூடாது. ஊருக்கு எடுத்துப் போவதென்றால் ஸ்வீட் டப்பாவில் டிஷ்யூ போட்டு வையுங்கள். தூசி படிந்தால் மெல்லிய பிரஷ் போதும். கழுவிவிடாதீர்கள்!