கம்ப்ரஸர்

என் மச்சான் திருச்செங்கோட்டில் ரிக் வைத்திருக்கிறார். போர்வெல் போடும் வண்டிக்கு எங்கள் பக்கத்தில் ரிக் என்றுதான் பெயர். வண்டி வெளி மாநிலங்களுக்கு மாசக் கணக்கில் போய்விடும். அவர் ஊரில் இருப்பார். இரண்டு வருஷங்களுக்கு முன் பழைய பென்ஸ் கார் ஒன்று வாங்கினார். 2006 மாடல், சி 200. அதன் முதுகில் 'கொம்ப்ரஸர்' என்று ஜெர்மன் எழுத்துக் கூட்டலில் பொறித்திருந்தது. அதற்காகவேதான் வாங்கினார் என்பது என் அபிப்பிராயம். "நம்ம தொழிலையே முதுகுல எழுதி வெச்சிருக்கான் பாருங்க மாப்ள" என்றார்.

நான் சிரித்தேன். ஆனால் அது வெறும் வேடிக்கை அல்ல. அவருடைய ரிக்கில் இருப்பது ஸ்க்ரூ கம்ப்ரஸர். ஒன்றோடொன்று பிணைந்து சுழலும் இரண்டு திருகுகள் காற்றை நெருக்கி, பாறைக்குள் இருக்கும் சுத்தியலுக்கு அனுப்புகின்றன. 1930களில் ஸ்வீடனில் லிஷோல்ம் என்பவர் வளர்த்தெடுத்த அமைப்பு. 2015 மாடலாக அமெரிக்காவில் வந்த டாட்ஜ் ஹெல்கேட் கார், 6.2 லிட்டர் என்ஜினில் 707 குதிரைச் சக்தி எடுத்தது இதே ஜாதித் திருகுகளை வைத்துத்தான். மச்சான் கார் இன்னும் பழைய வழியைச் சேர்ந்தது. அதில் இருப்பது ரூட்ஸ் ப்ளோயர். இந்தியானாவில் ரூட்ஸ் சகோதரர்கள் 1860இல் பதிவு செய்தது; இரும்பு உலைகளுக்குக் காற்று ஊதப் பயன்பட்டது. பிறகு ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி லாரிக்கும் பஸ்ஸுக்கும் போட்ட டூ ஸ்ட்ரோக் டீசல் என்ஜின்களில் அது வந்தது. பழைய இரும்புக் கடைகளில் இருந்து அதைப் பிடுங்கிப் பந்தயக் காருக்கு மாட்டியவர்கள் கலிஃபோர்னியாப் பையன்கள். உலைக்களம், லாரி, பந்தயக் கார் என்பது அதன் வம்சாவளி. நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் லாரிகளுக்கு நடுவே வளர்ந்த எனக்கு இது பிடித்திருந்தது.

பாடி கட்டும் பட்டறையில் வேலை பார்த்த ஒரு பையன் மச்சானிடம் வந்து சேர்ந்தான். இருபத்து மூன்று வயது. செட்டிபாளையத்தில் கரிவரதன் பெயரில் இருக்கிற ஓடுதளத்துக்குப் போய் ரேஸ் பார்த்துவிட்டு வந்தவன். வெல்டிங் அவன் கையில் கோலம் மாதிரி விழும். கம்பெனி கொடுத்த காற்றுக் குழாய் ஒடுக்கம், அதை எடுத்துவிட்டு அகலமான எவர்சில்வர் குழாயும் திறந்த ஏர் ஃபில்டரும் போட்டால் வண்டி பறக்கும் என்றான். மச்சானுக்கும் சம்மதம். நான் பாலிடெக்னிக்கில் என்ஜின் லாபில் இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் சோதனை என் தலையில் விழுந்தது. இந்தப் பக்கங்களில் கவிதையைப் பற்றி ஏதாவது எழுதிக்கொண்டிருக்கிறவன் என்பது அவர்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் விட்டிருக்க மாட்டார்கள்.

ஒரு பலகையில் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாயை யு வடிவத்தில் வளைத்துக் கட்டி, பாதி வரை சிவப்புச் சாயத் தண்ணீர் ஊற்றி, பக்கத்தில் ஸ்கேல் ஒட்டினேன். ஒரு முனையை ஃபில்டருக்கும் ப்ளோயருக்கும் நடுவே ஒரு துளையில் செருகவேண்டும். என்ஜின் காற்றை இழுக்கும்போது வாய் எவ்வளவு ஒடுக்கமோ அவ்வளவு தண்ணீர் ஏறும். இதைவிட நேர்மையான கருவி எனக்குத் தெரியாது. ஓட்டத்துக்கு, மனை பிரித்து விற்காமல் கிடந்த ஒரு லேஅவுட்டின் தார்ச்சாலை. மூன்றாம் கியரில் 60இலிருந்து 100 கிலோமீட்டர் வரை எத்தனை விநாடி என்று ஸ்பீடாமீட்டரை செல்ஃபோனில் படம் பிடித்து எண்ணுவது.

சித்திரை மாசம். பழைய குழாயோடு மத்தியானம் ஓட்டினோம். தண்ணீர் 30 சென்டிமீட்டர் ஏறிற்று. நேரம் 7.1 விநாடி. புதுக் குழாயைப் பொருத்த இரவாகிவிட்டது. மறுநாள் விடிகாலை ஐந்தரைக்கு ஓட்டினோம். தண்ணீர் 12. நேரம் 6.7.

பையன் துள்ளினான். "சத்தத்தக் கேட்டீங்களா சார்!" என்றான். உண்மையிலேயே பெரிய சத்தம். கம்பெனிக் குழாயின் பெட்டிகள் அமுக்கி வைத்திருந்த ப்ளோயரின் ஓலம் இப்போது தடையில்லாமல் வந்தது. நானும் பரவசப்பட்டேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கிட்டத்தட்ட 6 சதவீதம் வேகம் கூடியிருக்கிறது என்று ஒரு தாளில் எழதி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன்.

ராத்திரி படுத்த பிறகுதான் கணக்கு இடித்தது. நம் தலைக்கு மேல் இருக்கிற மொத்தக் காற்றும் சுமார் 10 மீட்டர் உயரத் தண்ணீரின் கனம்தான். அதில் 18 சென்டிமீட்டர் மிச்சப்படுத்தினால் 2 சதவீதம்கூட இல்லை. ப்ளோயர் அதைப் பெருக்கிக் காட்டும் என்பார்கள். அழுத்தத்தைப் பெருக்கும், விகிதத்தை மாற்றாது. வாயில் தொலைந்தது எத்தனை சதவீதமோ, சிலிண்டரிலும் அத்தனை சதவீதம்தான். மீதி 4 சதவீதம் எங்கிருந்து வந்தது? விடியலில் இருந்து வந்தது. மத்தியானம் 38 டிகிரி, காலையில் 26. குளிர்ந்த காற்று அடர்த்தியானது. அந்த வித்தியாசம் சரியாக 4 சதவீதம். நான் குழாயைச் சோதிக்கவில்லை. சேலம் ஜில்லாவின் விடிகாலையைச் சோதித்திருக்கிறேன்.

மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை. காரணம், பையன் அந்தத் தாளைப் படம் எடுத்து நாலு பேருக்கு அனுப்பி, இரண்டு ஆர்டரும் வாங்கி, அம்மாவின் சங்கிலியை அடகு வைத்து வெல்டிங் செட்டுக்கு முன்பணம் கட்டியிருந்தான். மச்சான் இதைப் பெருமையாகச் சொன்னார்.

இதே காரியத்தை நான் முன்பும் செய்திருக்கிறேன். ஏழெட்டு வருஷங்களுக்கு முன், ஒரு மழை நாள் மாலையில், நண்பர் ஒருவர் தம் கவிதைகளை வாசித்தார். நல்ல குரல். அந்தக் குரல் காதில் இருக்கும்போதே விமர்சனம் எழுதி அனுப்பிவிட்டேன். புத்தகமாக வந்த பிறகு வெயிலில் உட்கார்ந்து படித்தபோது வரிகளில் அந்த மாலை இல்லை. மறுத்து எழுதவில்லை. நட்பு என்று சொல்லிக்கொண்டேன். அவரும் அதற்குப் பிறகு அப்படியே எழுதிக்கொண்டு போனார்.

நாலாம் நாள் பையனிடம் போய்ச் சொன்னேன். அவன் முகத்தை விவரிக்க விரும்பவில்லை. "அப்ப தப்பு உங்களுதுங்களா சார், குழாயோடதுங்களா?" என்று கேட்டான். என்னுடையது என்றேன். பழைய குழாயைத் திரும்ப மாட்டச் சொன்னேன். புதிதைச் சோதிப்பதில் யாருக்கும் சோம்பல் இல்லை. பழையதைத் திரும்ப மாட்டிப் பார்ப்பதற்குத்தான் கை வருவதில்லை. ஒரே காலையில் பழையது, புதியது, பழையது, புதியது என்று மாற்றி மாற்றி, ஒவ்வொன்றும் மூன்று ஓட்டம். பழையதுக்கு 6.8, புதியதுக்கு 6.7. ஒரு புள்ளி. தண்ணீர் சொன்ன கணக்கும் அதுதான்.

பிறகு நடந்தது இதைவிட மோசம். மத்தியானம் வைகுந்தம் டோல்கேட் வரிசையில் நிற்பதைப் போல என்ஜினை ஓடவிட்டுக் கால் மணி நேரம் நிறுத்திவிட்டு ஓட்டினோம். பழைய குழாயின் வாய் முன் கிரில்லுக்குப் பின்னால் இருந்தது; உள்ளே வந்த காற்று 44 டிகிரி. புதுக் குழாய் பானட்டுக்குள்ளேயே மூச்சு விட்டது, 63 டிகிரி. நேரம் 7.2, 7.5. அகலமான வாய் அனலைக் குடித்தது. வழி இருக்கிறது: ஃபில்டரைச் சுற்றித் தகடு அடித்துப் பெட்டி கட்டி, முன்பக்கத்தில் இருந்து தனிக் குழாயில் குளிர்ந்த காற்றைக் கொண்டு வரலாம். பையன் சாக்பீஸால் தரையில் வரைந்தான். வரைந்து முடித்துப் பார்த்தால் ஏறக்குறைய கம்பெனிக்காரன் செய்திருந்ததே.

த்ராட்டிலையும் பெரிதாக்க வேண்டும் என்பது அவனுடைய அடுத்த திட்டமாக இருந்தது. 60 மில்லிமீட்டர் வாயை 70 ஆக்கினால் பரப்பு 36 சதவீதம் கூடும் என்று சரியாகவே கணக்குப் போட்டிருந்தான். இதில்தான் கால் ஏமாறுகிறது. பெரிய தட்டு கொஞ்சம் திறந்தாலே நிறையக் காற்று போகும். பெடலைத் தொட்டவுடன் வண்டி பாயும். சக்தி கூடிவிட்டது என்று தோன்றும். முழுக்க மிதித்தால் இரண்டும் ஒன்றுதான், பழைய தட்டு காற்றை மறித்திருந்தாலொழிய. த்ராட்டில் ப்ளோயருக்கு முன்னால் இருக்கிற அமெரிக்க வண்டிகளில் அது மறிப்பதுண்டு. ப்ளோயரையும் அதன் சுழற்சியையும் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் வாய் போதாது. ஹெல்கேட்டுக்கு 92 மில்லிமீட்டர் வைத்தார்கள். த்ராட்டிலுக்கும் ப்ளோயருக்கும் நடுவே அளந்து, முழு மிதியில் அங்கே வெற்றிடம் தெரிந்தால் மாற்று, தெரியாவிட்டால் காசை வைத்துக்கொள் என்றேன். எங்கள் பக்கத்துப் பழைய டீசல் லாரிக்கு இந்தத் தொல்லையே இல்லை. அதற்குத் த்ராட்டில் கிடையாது. எப்போதும் முழு மூச்சு, டீசலைத்தான் கூட்டிக் குறைப்பது. அதன் பிரச்சினை தூசி. பிக்கப்புக்காக ஃபில்டரைக் கழற்றி எறிந்த டிரைவர்களை எனக்குத் தெரியும். ரிங் தேய்ந்து புகை கக்கிய அந்த என்ஜின்களையும் தெரியும்.

மச்சான் இதையெல்லாம் ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "நம்ம ரிக் கம்ப்ரஸர் நிமிசத்துக்கு ஆயிரத்து நூறு கன அடி குடிக்குது. இந்தக் காரு எத்தன குடிக்கும்?" என்றார். 1.8 லிட்டர், 5500 சுற்று, ப்ளோயர் தருவதையும் சேர்த்துக் கணக்குப் போட்டுச் சொன்னேன்: நாலில் ஒரு பங்கு வராது. "அதுக்கா மாப்ள இந்தப் பாடு!" என்று எழுந்து போய்விட்டார். காரில் பழைய குழாய்தான் இருக்கிறது.

இரண்டு ஆர்டரில் ஒன்று போயிற்று. இன்னொருவர், சத்தம் இருந்தால் போதும் என்று எழுதிக் கொடுத்தே வாங்கிக்கொண்டார். முன்பணத்தில் ஒரு பகுதியை நான் ஏற்றுக்கொண்டேன். அவன் வேண்டாம் என்றுதான் சொன்னான். பிறகு அந்தத் தண்ணீர்ப் பலகையைக் கேட்டான், கொடுத்தேன். டிப்பர் லாரி ஒன்று ஏற்றத்தில் இழுக்கவில்லை என்று பட்டறைக்கு வந்ததாம். யார் யாரோ பம்ப்பைக் கழற்றிப் பார்த்துவிட்டார்களாம். இவன் பலகையைச் செருகி ஆக்ஸிலேட்டரை மிதிக்கச் சொன்னபோது, 60 சென்டிமீட்டர் ஸ்கேலையும் தாண்டிச் சாயத் தண்ணீர் முழுக்க என்ஜினுக்குள் போய்விட்டது. ஃபில்டரைத் தட்டியதில் ஒரு படி மண் விழுந்ததாகச் சொன்னான். இன்னும் நீளமான பலகை வேண்டும் என்கிறான்.